பெட்டி ஜெபம்

கண்ணை மூடுவதற்கு முன் சாந்தகுமார் ஒரு காரியம் செய்வார். கழுத்தில் தொங்கும் கடை அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு லேப்டாப் பெட்டியின் மேல் வலது கையை வைப்பார். வாங்க வந்த குடும்பமும் ஆளுக்கொரு கையை அதன் மேல் வைத்துத் தலையைக் குனிந்துகொள்ளும். "அன்பின் பரம தகப்பனே..." என்று அவர் ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் செல்போனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். காலையில் பெருமாள் படத்துக்குக் கற்பூரம் காட்டித் திறக்கிற திருப்பதிக் கடை அது. ஆனாலும் இந்த ஜெபத்தை அங்கே யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. வியாபாரம் நடக்கிற வரைக்கும் எந்தச் சாமியும் மேனேஜருக்குச் சம்மதம்.

சித்தூரில் இருக்கிற பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் புதுச் சாமான் எதையும் ஜெபம் பண்ணாமல் பிரிக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஜெபம், பைக்குக்கு ஜெபம், போர்வெல் மோட்டாருக்கும் ஜெபம். சாந்தகுமாரின் அப்பா உபதேசியாராக இருந்தவர். போதகருக்கு நேரமில்லாத வீடுகளுக்கெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஜெபித்துவிட்டு வருவார். அவருடைய மகனே லேப்டாப் விற்கிறான் என்றால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடிந்துவிடுமே என்று சபை மக்கள் பஸ் ஏறித் திருப்பதிக்கு வர ஆரம்பித்தார்கள். சித்தூரில் கடை இல்லாமல் இல்லை. "நம்ம உபதேசியார் புள்ள, ஏமாத்த மாட்டான்" என்கிற நம்பிக்கைக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள்.

கடையில் மற்ற விற்பனையாளர்களெல்லாம் அவருடைய வயதில் பாதிதான் இருப்பார்கள். மாடல் எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். சாந்தகுமாருக்கு நாற்பத்தாறு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் பெட்டியில் இருக்கிற எழுத்தைப் படிப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் சபைதான். சித்தூர் முகம் ஒன்று படியேறி வந்தால் மேனேஜர் அங்கிருந்தே கையைத் தட்டுவார்: "சாந்தன்னா, மீ வாள்ளு ஒச்சினாரு!" உங்கள் ஆட்கள் வந்திருக்கிறார்கள், போய்க் கவனி என்று பொருள். முன்பெல்லாம் அந்தக் குரலைக் கேட்டால் சாந்தகுமார் துள்ளிக்கொண்டு போவார். இப்போதெல்லாம் கழிவறைப் பக்கம் போகலாமா என்று பார்க்கிறார்.

தொழில் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. அவருடைய கையை மட்டும் கவனித்தால் போதும். அந்தக் காலத்து லேப்டாப்பை அவர் காட்டிய விதமே தனி. மூடியை ஒரே விரலால் திறப்பார். ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவார். "அமுக்கிப் பாருங்கய்யா, நல்லா அமுக்கிப் பாருங்க" என்று வாடிக்கையாளரின் கட்டைவிரலைப் பிடித்துச் சாவிப்பலகையின் நடுவில் வைப்பார். இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்பிலும் மூடியை ஒரு விரலால்தான் திறக்கிறார், ஆனால் கூடவே எழும்பி வருகிற அடிப்பாகத்தை மற்றக் கையின் சுண்டுவிரல் பூனை மாதிரி வந்து அழுத்திக்கொள்ளும். மூலையைப் பிடித்துத் தூக்க யாரையும் விடுவதில்லை. தூக்கினால் உடம்பு கிறீச்சிடும். சாவிப்பலகையை அமுக்கச் சொல்வதும் இல்லை, குழியும். "எவ்ளோ லேசு பாருங்க, எவ்ளோ மெல்லிசு பாருங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார். வருடா வருடம் விலை ஏறுகிறது, உடம்பு இளைக்கிறது. உள்ளே பிறக்கிற சூடு வெளியேறுவதற்கு வழியில்லாமல் மேலே சாவிகளுக்கு வந்துவிடுகிறது. குளிர்சாதனம் ஓடுகிற கடைக்குள் பூப்படத்தை மட்டும் காட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறவரைக்கும் அது சாது. உட்கார வைத்து வேலை வாங்கினால் தோசைக்கல்.

இதெல்லாம் அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அவர் செய்த காரியம் வேறு யாருக்கும் தோன்றாது. வேலையை விடவில்லை, விற்பதை நிறுத்தவில்லை, ஜெபத்தில் கைவைத்தார். ஆரம்பத்தில் அந்த ஜெபம் நீளமாக இருக்கும். "இந்த நல்ல கருவியைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இது நெடுங்காலம் பழுதில்லாமல் உழைக்கும்படி கிருபை செய்யும்" என்று மனமுருகிச் சொல்வார். ஒரே கோளாறோடு சில லேப்டாப்புகள் திரும்பி வந்த வருடத்தில் 'பழுதில்லாமல்' நின்றுபோனது. அடுத்த வருடம் 'நெடுங்காலம்' போனது. பிறகு ஒருநாள் 'நல்ல' என்கிற சொல்லும் போனது. கடைசியில் கருவியைப் பற்றிய பேச்சே இல்லாமல், "இந்தப் பிள்ளையின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும்" என்பதோடு ஆமென் வந்துவிட்டது. மனிதர்களிடம் சொல்கிற பொய்யை ஆண்டவரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு. கையை வைத்திருந்தவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஜெபம் சுருக்கமாக இருந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

வீட்டில் அவர் வைத்திருப்பது ஒரு கறுப்புச் செங்கல். சபைக் கோயில் படிக்கட்டில் ஒருமுறை உருண்டு விழுந்து, ஒரு மூலை மட்டும் நசுங்கி, இன்றைக்கும் ஓடுகிற பழைய லேப்டாப். மனைவி பிரமிளா பள்ளிக்கூட வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்.

"ஊருக்கே புதுசு புதுசா விக்கிறியே, நம்ம ஊட்டுக்கு ஒண்ணு எட்தாயேன்."

"இது நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது."

"அப்ப அதுங்க ஓடாதா?"

பிரமிளா விளையாட்டாகத்தான் கேட்டார். சாந்தகுமார் தட்டிலிருந்த களியை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

சிஸ்டரம்மா விஷயம் அதற்குப் பிறகு வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தபீதாளைச் சபையில் எல்லாரும் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மகள் பிளெஸ்ஸிக்குச் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. கட்டப்போகிற வீடுகளைக் கம்ப்யூட்டரில் நிஜம்போல வரைந்து காட்டுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் லேப்டாப் நம்முடையதாக இருக்க வேண்டும். சிஸ்டரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, "எது ஒசத்தியோ அதைக் குடுப்பா, புள்ளயோட பொழப்பு" என்றார். ஒசத்தி என்றால் மெல்லியதுதான். அந்த வாரத்தில்தான் அதே மாடல் இரண்டு திரும்பி வந்து குடோனில் கிடந்தன. சாந்தகுமாருக்குத் தெரியும். அந்த மாதம் மேனேஜர் எதிர்பார்த்த விற்பனையில் அவர் பின்தங்கி இருந்தார், அதுவும் அவருக்குத் தெரியும். பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். பிளெஸ்ஸியின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்தார்.

சித்தூர் மே மாதத்தில் சிமெண்டுக் கூரைக்குக் கீழே அந்த லேப்டாப் என்ன பாடுபட்டிருக்கும், அந்தப் பெண்ணை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறியை அதற்குக் கொடுத்துவிட்டு அம்மாவும் மகளும் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டார்கள். அப்படியும் படம் பாதி வரையும்போது அது அணைந்துபோகும். அதிகாரிகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அணைந்தது. வேலை போய்விட்டது. சாந்தகுமாருக்கு இந்தச் செய்தி கோயில் வாசலில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பேச்சில் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் கடைசி வரிசைக்கு மாறினார். ஆராதனை முடிவில் போதகர் ஆசீர்வாதம் கூற எழுந்தாலே நைசாக வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். உபதேசியார் மகன் ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் ஓடுகிறான் என்று பேச்சு வந்தது. ஓடத்தான் செய்தார். தினமும் சித்தூரிலிருந்து வேலைக்குப் போகிற திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்திரகிரி வருகிற வரைக்கும், அந்த அம்மா கேட்டால் என்ன சொல்வது என்பதையே பல விதமாகச் சொல்லிப் பார்ப்பார். அத்தனையிலும் தன்னுடைய குற்றம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதுவும் அவருக்குத் தெரிந்து, மறுபடியும் வெட்கப்படுவார்.

போன வாரம் சிஸ்டரம்மா கடைக்கே வந்துவிட்டார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப்போல இடுப்பில் வைத்திருந்தார். மேனேஜர் கையைத் தட்டினார். கழிவறைக்குப் போக நேரமில்லை.

"ஸ்தோத்திரம் சாந்தா. நீ எங்கமேல கோவமா இருக்கறது எனக்குத் தெரியும்ப்பா."

"கோவமா? எனக்கா, சிஸ்டரம்மா?"

"பின்ன இன்னாத்துக்கு ஆசீர்வாதம் சொல்றதுக்குள்ள எழுந்து ஓடறே? நீ கைய வச்சி ஜெபம் பண்ணிக் குடுத்த சாமானு. அத போயி நாங்க கெடுத்துட்டோம். உனக்கு வருத்தமாத்தானே இருக்கும்?"

சாந்தகுமார் துண்டில் சுற்றியிருந்ததை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டு, பிறகு இழுத்துக்கொண்டார்.

"சர்வீஸ்லயும் சொல்லிட்டாங்க நைனா. ரூம்பு சூடாம், தூசியாம், நாங்க வச்சிக்கினு இருந்த விதம் சரியில்லையாம். இவ்ளோ ஒசத்தியான சாமானை ஷீட்டு போட்ட ஊட்டுல வச்சா அது எப்பிடித் தாங்கும், சொல்லு? பிளெஸ்ஸிகூட அழுதுக்கினே ஆபீஸுக்குப் போன் பண்ணி, எங்க கவனக்குறைவுதான், மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டா. இப்ப டியூஷன் எடுத்துக்கினு இருக்கா. பரவால்ல, ஆண்டவர் வேற வழி காட்டுவாரு. நீ மட்டும் மனசுல வச்சிக்காத."

இந்த மனிதரை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார். இந்த மன்னிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காது மடல் சிவந்து, வியர்த்து, "சிஸ்டரம்மா, அது உங்க ஊட்டால இல்ல. அது வந்து..." என்று ஆரம்பித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேனேஜருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். சாந்தகுமார் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு சித்தூர் குடும்பம் படியேறி வந்தது. பள்ளி ஆசிரியர் ஜெபகுமாரும் அவர் மனைவி ஷோபாவும். மகள் கல்லூரியில் சேரப்போகிறாள், சிஸ்டரம்மா வீட்டில் இருக்கிற அதே மாடல்தான் வேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மேனேஜரே குடோனுக்குள் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஷோபாவின் கண் துண்டில் சுற்றியிருந்ததன் மேல் போயிற்று.

"இன்னாக்கா, ரிப்பேரா?"

"அதெல்லாம் இல்ல ஷோபா. மெஷினு தங்கம். எங்க ஊட்டு சூடுதான் அதுக்கு ஆவல. உங்களுது மாடி ஊடு, ஏசி போட்ட ரூம்பு, ராஜா மாதிரி இருக்கும்." சிஸ்டரம்மா சாந்தகுமாரின் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். "நம்ம சாந்தன் எடுத்துக் குடுத்தா யோசிக்கவே வேணாம்."

கோபத்தை மறைக்கலாம், துக்கத்தை மறைக்கலாம்; வெட்கம் வந்தால் இந்த ஆளுக்கு முகம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அவருடைய முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை இருக்காது, இந்த வயதில் வேறு கடையும் இல்லை. சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு பெண், தன்னுடைய கவனக்குறைவுதான் என்று யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி. ஜெபம் பண்ணிக் குடுங்க பிரதர்" என்றார் ஜெபகுமார்.

பெட்டியின் மேல் மூன்று கைகள் வந்து உட்கார்ந்தன. ஆசிரியரின் கை, அவர் மனைவியின் கை, எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த சிஸ்டரம்மாவின் கை. மூன்று தலைகளும் குனிந்தன, கண்கள் மூடின. வழக்கம்போலப் பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சாந்தகுமார் வலது கையைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோய், வைக்காமல் நிறுத்தினார். பிள்ளையின் கைகளின் பிரயாசம் என்கிற கடைசி வரியும் கைவிட்டுப் போயிருந்தது. அவர் கண்ணை மூடவில்லை. மேனேஜர் புருவத்தை உயர்த்தி, சீக்கிரம் ஆகட்டும் என்று தலையை அசைத்தார்.

சாந்தகுமார் குனிந்து, பெட்டியின் மேலிருந்த சிஸ்டரம்மாவின் கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாகத் தூக்கி எடுத்தார். பிறகு ஷோபாவின் கையை லேசாக விரலால் நகர்த்தினார். கடைசியாக ஆசிரியரின் கை. ஆமென் வராமல் கண்ணைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று பேரும் அப்படியே நின்றுகொண்டிருக்க, அவர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மேனேஜரைக் கடந்து குடோனுக்குள் போனார்.