ஹவுஸ் ஓனருக்கு நிஜமாகவே அடிபட்டது

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே சார் அன்னிக்கு மைக்ல பேசிக்கினு இருந்தது? அந்த குஸ்தி ஷோவுல?"

"ஆமாம்."

"நல்லாத்தான் பேசின. ஆனா இன்னா... நீ சொன்னதை ஒருத்தரும் நம்பல!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்கு வந்ததே இல்லை. கோபம் வரவில்லை. ஏனென்றால், அவர் சொன்னது உண்மை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

டி.வி.யில் அந்த ரெஸ்லிங் பார்த்திருப்பீர்கள். ஆறரை அடி ஆட்கள், பளபளக்கும் டிராயர், ஒருவரை ஒருவர் தூக்கி அடிப்பது... யார் ஜெயிப்பது என்பது முன்பே எழுதி வைத்தது. விழுவது மட்டும் நிஜம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இதையே தொழிலாக நடத்துகிறது. நம் நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்றிரண்டு ஷோ நடத்திப் பார்த்தார்கள். ஹவுஸ் ஃபுல். ஆனால் வந்தவர்கள் யார்? ஏற்கெனவே அவர்கள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள். புதிய ஆட்கள் வரவில்லை. புதிய ஆட்கள் வராவிட்டால் அதற்குப் பெயர் விரிவாக்கமா?

அதனால் சின்ன ஊர் ஒன்றில் சோதனை ஷோ போடலாம் என்று முடிவு. எங்கள் பக்கத்தில் அந்த வீடியோக்களைச் செல்போனில் நிறையப் பேர் பார்க்கிறார்களாம். ரிச்சா சொன்னார். ரிச்சா, அந்தக் கம்பெனியின் இந்திய மேனேஜர். மும்பைக்காரர். நான் உத்திரமேரூரில் இருந்துகொண்டு விளம்பர மொழிபெயர்ப்பும் செய்கிறவன். தமிழில் எழுதவும் மைக்கில் பேசவும் என்னைப் பிடித்தார்கள். பந்தல், சேர், ஸ்பீக்கர் எல்லாம் மல்லிகா பொறுப்பு. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ சாவோ, மல்லிகாவின் பந்தல் இல்லாமல் நடக்காது.

முதல் மீட்டிங்கிலேயே பிரச்சினை. உலகம் முழுக்க இவர்கள் ஷோ ராத்திரி எட்டு மணிக்குத்தானாம்.

மல்லிகா ஒரே போடாகப் போட்டார். "எட்டு மணிக்கா? ஒரு பொம்பள வரமாட்டா சார். கிராமத்துக்குப் போற பஸ்ஸு இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு வெக்கச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். ரிச்சா தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். அங்கே விடியவே இல்லையாம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி.

அடுத்தது இடம். பழைய ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் சிமென்ட் களம் கிடைத்தது. மழைத்தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காக அந்தக் களத்தை ஒரு பக்கம் லேசாகச் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். ரிங்கின் கால்களுக்குக் கட்டை கொடுத்துச் சமன் செய்தார்கள். ரிங்கைச் சுற்றித் தரையில் போட்ட மெத்தைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான் உட்பட.

மூன்றாவது பிரச்சினைதான் பெரியது. கதை.

இவர்களிடம் ஒரு கதை மாதக்கணக்கில் ஓடுகிறது. இந்த வாரம் ஒரு நாட்டில், அடுத்த வாரம் இன்னொரு நாட்டில். ஊர் மாறினாலும் கதை மாறக் கூடாது. இப்போதைய வில்லனின் பட்டப்பெயர், இங்கிலீஷில் லேண்ட்லார்ட். கோட்டு போட்டு, கையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வருவார். வாடகை கொடுக்காத ஹீரோவைத் தெருவில் தள்ளியவர். அங்கெல்லாம் அவரைப் பார்த்ததும் ஜனம் கொதிக்கிறதாம்.

நான் "ஹவுஸ் ஓனர்" என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? சென்னையில் என்றால் அந்த ஒரு வார்த்தைக்கே கூட்டம் எழுந்து நின்றிருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம்? ஓட்டு வீடோ, ஒத்தை ரூமோ, முக்கால்வாசிப் பேர் சொந்த வீட்டுக்காரர்கள்.

அந்த வில்லன்தான் பீட்டர். ஸ்காட்லாந்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. ஷோவுக்கு முதல் நாள் களத்தில் தன் எடையைத் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கவனமாகத் தேடி உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் சாது. சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு என்னைத் திட்டுவார்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஏன்?"

"திட்டினால்தான் எனக்கு வேலை. என் கான்ட்ராக்ட் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. புது ஊரில் இவனுக்கு எப்படிச் சத்தம் வருகிறது என்று தலைமை ஆபீஸில் நேரலையில் பார்ப்பார்கள். கைதட்டினாலும் போச்சு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் போச்சு. திட்ட வேண்டும்."

நல்லபடியாகத் திட்டுவார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். உத்திரமேரூரின் சார்பாக.

ஞாயிற்றுக்கிழமை. களம் நிரம்பிவிட்டது. டிராக்டரில் வந்தவர்கள், ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் வந்தவர்கள்... முன்வரிசை பூராவும் பெண்கள். ஹீரோவான ஹரியானாக்காரர் விக்கி வந்தபோது விசில் பறந்தது. அடுத்து பீட்டர். கோட்டு, சாவிக்கொத்து, முறைப்பு.

நான் மைக்கில் கர்ஜித்தேன். "இதோ வருகிறார் ஹவுஸ் ஓனர்! உங்கள் எல்லோருக்கும் வாடகையை ஏற்றப் போகிறார்!"

அமைதி.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார். "எங்களுக்குச் சொந்த வூடு கீதுப்பா!"

களமே சிரித்தது. அன்பான சிரிப்பு. பீட்டருக்கு மொழி புரியவில்லை. ஆனால் சிரிப்பு புரிந்தது. இருபது வருஷம் இதே தொழிலில் இருப்பவர். ரிங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வில்லன் இல்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற ஒரு மனுஷன் இருந்தான்.

கையிலிருந்த பேப்பரில் வேறு வரி இருக்கிறதா என்று தேடினேன். பக்கத்தில் ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்துகொண்டிருந்த மல்லிகா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கூட்டம் கோவப்படணுமா?"

"ஆமாம்மா. உடனே."

"வூட்டப் பத்திப் பேசினா எவனுக்குக் கோவம் வரும்? ஏரியப் பத்திப் பேசச் சொல்லு. நம்ம ஏரிய விட மதுராந்தகம் ஏரி பெருசுன்னு சொல்லட்டும். போதும்."

ரிங் ஓரமாக ஓடி பீட்டரின் காதில் மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். அவர் இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தார். அப்புறம் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, கத்தினார்.

"மதுராந்தகம்... ஏரி... பெரிசு!"

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பாருங்கள்... அப்படி ஒரு சத்தத்தை அந்த ரைஸ் மில் தன் வாழ்நாளில் கேட்டிருக்காது. முன்வரிசை அம்மாள் எழுந்து நின்று திட்டினார். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். பீட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொன்று இருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டார். கொடுத்தேன்.

"உத்திரமேரூர் ஏரி... குட்டை!"

அவ்வளவுதான். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் ரிச்சா, "என்ன சொன்னார்? என்ன சொன்னார்? ஆபீஸில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்!" என்று கத்தினார். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சண்டை நன்றாகவே போனது. கடைசிக் காட்சி இப்படி: விக்கி மூலைக் கம்பத்திலிருந்து பாய்வார். பீட்டர் கயிற்றுக்கு வெளியே, மெத்தைமேல் விழுவார். தடுமாறி எழுந்து மறுபடி ரிங்குக்கு வந்து தோற்பார்.

விக்கி பாய்ந்தார். பீட்டர் விழுந்தார். களத்தின் சரிவில் மெத்தை வழுக்கிக்கொண்டு போனது. அவர் தோள் நேராக சிமென்ட்டில் பட்டது.

கூட்டம் துள்ளியது. "நல்லா வேணும்! ஏரிய பத்தியா பேசுற?"

ரெஃப்ரீ குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்பதற்கு இந்தத் தொழிலில் அதுதான் சைகை. அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் களத்தில் நாலைந்து பேர். கூட்டமோ அதையும் ஏதோ ஸ்டைல் என்று நினைத்துத் தானும் கையைக் குறுக்காக வைத்து ஆர்ப்பரித்தது!

ஹெட்ஃபோனில் ரிச்சா. "கதையை உடைக்காதீர்கள். பேசிக்கொண்டே இருங்கள். ஆபீஸ் பார்க்கிறது." அவர் இருந்தது மேடைக்குப் பின்னால், ஒரு சின்ன ஸ்கிரீன் முன்னால். பீட்டரின் முகம் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வெளுத்துப்போயிருந்தது. வலது கை தோளிலிருந்து வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

ஆம்புலன்ஸ் கேட் பக்கத்தில் தயாராக நின்றது. ஆனால் நடுவில் கூட்டம். எல்லோர் கையிலும் செல்போன். ஒருவரும் நகரவில்லை. ஏன் நகர வேண்டும்? படத்தில் வரும் ஆம்புலன்ஸுக்கு யாராவது வழி விடுவார்களா?

நான் முடிவு செய்தேன். மைக்கில் சொன்னேன். "தயவுசெய்து வழிவிடுங்கள். பீட்டருக்கு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது. இது நடிப்பில்லை."

சிரிப்பு. கைதட்டல். "சூப்பர் சார்! சூப்பர்!"

மறுபடி சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். இன்னும் பலமான கைதட்டல். எப்படி நம்புவார்கள்? இரண்டு மணி நேரமாக அதே குரலில்தான் வாடகையை ஏற்றப் போகிறார் என்றும், விக்கியின் விலா எலும்பு நொறுங்கியது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நொறுங்கிய விக்கி அடுத்த நிமிஷம் எழுந்து நின்றதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது என் கையிலிருந்து மைக் போய்விட்டது. பிடுங்கியது மல்லிகா.

"யோவ், நான் பந்தல் மல்லிகா பேசறேன். ஆட்டமெல்லாம் முடிஞ்சிட்சி. அந்த ஆளுக்குத் தோளு எறங்கிட்சி. நெசமாத்தான் சொல்றேன். முன்னாடி குந்திக்கினு கீற பொம்பளைங்க எழுந்து சேரை மடக்குங்க. கேட்டாண்ட நிக்கிறவங்க ரெண்டு பக்கமா ஒதுங்கு. போனை உள்ள வெய்யி."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்ததை நான் இதே கண்ணால் பார்த்தேன். அரை நிமிஷத்தில் பாதை. செருப்பைக் காட்டிய பெரியவர் இரண்டு கையிலும் நான்கு சேர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை விக்கி பிடித்தார். மறுமுனையை யாரோ ஒரு டிராக்டர்காரர். ரிச்சா ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு வந்து, பீட்டரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் தோளை ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். எலும்பு உடையவில்லை. இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன்... பீட்டரின் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், இளநீர். முன்வரிசை அம்மாள் வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டு வந்திருந்தார்.

"இன்னா உடம்பு வெச்சி இன்னா பிரயோஜனம், பாவம். துன்னுப்பா," என்று ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் செல்ஃபி எடுத்தார்.

அந்த செல்ஃபிதான் அடுத்த தலைவலி. மத்தியானத்துக்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. தலைமை ஆபீஸிலிருந்து ரிச்சாவுக்குப் போன். உலகமே வெறுக்க வேண்டிய வில்லன், கட்டிலில் சிரித்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டால் அடுத்த வாரம் வேறு நாட்டில் கதை என்ன ஆவது? ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களை உடனே நிறுத்தச் சொன்னார்கள்.

ரிச்சா என்னிடம் வந்தார். "நீங்கள் இவர்களிடம் சொல்லி..."

"நான் சொன்னால் நம்பமாட்டார்கள்," என்றேன்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக. அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் ரொம்ப நேரம் எழுதினார். தலைமை ஆபீஸுக்கு ரிப்போர்ட். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். பீட்டரைப் பற்றித்தான் அதிகம் எழுதினாராம். இந்த நாட்டில் ஒரு சின்ன ஊரை எழுந்து நிற்கவைத்த ஒரே ஆள் இவர், இவரை விட்டுவிடாதீர்கள் என்று.

விடவில்லை. ஆனால் அந்தத் தோளை வைத்துக்கொண்டு இனி ரிங்கில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி இங்கே புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறது. அதற்கு மாஸ்டர், பீட்டர். முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று போனில் கேட்டேன். "எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மெத்தைக்குக் கீழே தரையைப் பார்" என்றார். என்ன ஒரு நிதானமான மனுஷன்! ரிங்கில் இறங்க முடியாதது அவருக்கு வருத்தமில்லையா? இருக்கிறது. "அந்தச் சத்தம் இனி வராது இல்லையா..." என்றார்.

கம்பெனிக்காரர்கள் நேரத்தை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள், மொழியை மாற்றினார்கள். எல்லாம் செய்யலாம். இந்த ஊரில் ஒரு குரலை நம்புவதற்கு அந்தக் குரல் எத்தனை வீட்டு நல்லது கெட்டதுகளில் நின்றிருக்க வேண்டும்? அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா?

முந்தாநாள் ரிச்சா போன் செய்தார். சின்ன ஊர் ஷோ தொடருமாம். அடுத்தது செய்யாறு பக்கம். மைக்கில் என்னை வேண்டாம் என்று மிக நாகரிகமாகச் சொன்னார். மல்லிகாவைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மல்லிகா டைரியைப் புரட்டினார். தலையைச் சொறிந்தார்.

"இந்த மாசம் பூராவும் முகூர்த்தம் சார். அந்த வெளிநாட்டுக்காரங்களைக் கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லு."

சொல்லிவிட்டேன். வெயிட் பண்ணுகிறார்கள்.