பொய்க் குறிகள்

மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீட்டில் பேசுவதும் எழுதுவதும் தமிழ். அந்த வருஷம் குழந்தைகளுக்காக ஒரு சரித்திரக் கதை எழுத ஆரம்பித்திருந்தேன். டச்சுக்காரர்கள் காலத்துக் கொச்சி. அவர்களுடைய சிப்பாய்களின் சட்டைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றில், பதினொரு வயதுப் பெண் தொழில் பழகுகிறாள். துவைப்பதையும் கஞ்சி போடுவதையும் எப்படியோ எழுதிவிட்டேன். குறியில்தான் நின்றுபோனேன். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அறிய, சலவைக்காரர்கள் துணி ஓரத்தில் இடுகிற அடையாளம் அது. அன்று சேங்கொட்டைச் சாற்றால் எழுதினார்கள். இன்று வண்ண நூலால் இரண்டு மூன்று தையல்.

ஒரு சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு சலவைக் களத்துக்குப் போனேன். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேலை செய்கிற இடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் முறுக்குக் கயிறுகளில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தொட்டியருகே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண் ஒருத்தி கஞ்சி கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள்.

"குறியப் பத்திக் கேட்க வந்தேன்" என்றேன்.

அவள் கை நின்றது. "யார் அனுப்பினாங்க டீச்சரை?"

நான் டீச்சர் என்று இன்னும் சொல்லவில்லை. குடையையும் பையையும் பார்த்தே சொல்லியிருப்பாள். யாரும் அனுப்பவில்லை, கதை எழுதுகிறேன் என்றேன். இஸ்திரி மேசையிலிருந்து அவள் கணவன் வந்தான். "போன தடவை நோட்டோட வந்த ஆளுங்க இந்த இடத்த டேப் வச்சு அளந்துட்டுப் போனாங்க" என்றவன், என் அனுமதி கேட்காமலே என்னை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

வெறும் கையோடு போகக் கூடாது என்று மறு வாரம் இரண்டு புடவைகளைச் சலவைக்கு எடுத்துப் போனேன். அது பலித்தது. மடித்துக்கொண்டே அவள் சொல்ல, நான் எழுதினேன். வட்டத்துக்குள் புள்ளி என்றால் கடற்கரை ஓட்டல். இரட்டைக் கோடு, வைத்தியர் வீடு. சாய்ந்த கோடு என்றால் அந்த வீட்டு ஆளை நம்பக் கூடாது, துணியை எண்ணி வாங்க வேண்டும். அன்று மாலையே ஒரு அத்தியாயம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதினேழு குறிகள் சேர்ந்தன.

நான்காம் வாரம் என் பச்சைப் புடவை திரும்பி வந்தபோது, ஓரத்தில் என் வீட்டுக்கென்று இட்டிருந்த மூன்று சிவப்புத் தையல்களுக்குப் பக்கத்தில் நீல நூலில் ஒரு சாய்ந்த கோடு இருந்தது.

நம்பக் கூடாத ஆள். களத்தில் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். வகுப்பில் பின்னம் நடத்தும்போதுகூட அந்தக் கோடு கண்ணில் நின்றது. நான் என்ன தப்புச் செய்தேன்? என் படம் எத்தனை பேரிடம் போயிருக்கும்?

அடுத்த முறை போனபோது அவள் எனக்குச் சாயா வாங்கப் போனாள். கணவன் எனக்கு முதுகு காட்டி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மேசைமேல் ஆளுயரத்துக்கு மடித்த துணி. செய்யக் கூடாத காரியம்தான், ஆனாலும் ஓரங்களைப் புரட்டிப் பார்த்தேன். சட்டை, வேட்டி, தலையணை உறை. எல்லாவற்றிலும் குறி இருந்தது. என் நோட்டில் இருந்த பதினேழில் ஒன்றுகூட அங்கே இல்லை.

சாயா கிளாஸோடு அவள் பின்னால் நின்றாள்.

"நீங்க சொன்ன குறி ஒண்ணையும் காணோமே?"

"இல்ல டீச்சர்." அவள் பதறவில்லை. "அதெல்லாம் நான் உண்டாக்கினது."

"எதுக்கு?"

"ஒருத்தன் இப்படித்தான் வந்தான், நல்லாப் பேசுவான். குறி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒரு வீட்டுப் பேரச் சொல்லிக் கல்யாணப் பட்டெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டான். வீட்டுக்காரங்க எங்களத்தான் கள்ளனுங்கன்னாங்க. இவர ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க." கணவனைப் பார்த்தாள். அவன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை தூக்கவில்லை.

"அப்போ என் புடவையில இருக்கற கோடு?"

"அது சாயம் போகும்னு போட்டது. தனியா முக்கணும்."

அந்தப் புடவை எட்டு வருஷப் பழசு. ஒரு நாளும் சாயம் போனதில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

பாதிக் கதை எழுதியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்றேன். "பொய்க் குறின்னா கதைக்கு என்ன கேடு?" என்றாள் அவள். பிறகு, "அதுல எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும்" என்றாள்.

மூன்று சனிக்கிழமைகள் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். சேங்கொட்டைச் சாற்றைப் பெண் விரலால் தொடுகிற இடத்தில் நிறுத்தினாள். "கை கொப்புளிச்சுப் பொத்துப் போகும் டீச்சர். முதல்ல எண்ணெய் தடவணும்." திருத்தினேன். பெரியவர்கள் முதல் நாளே எல்லாக் குறியையும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சொல்லவே மாட்டாங்க" என்றான் அவன். "பெத்த பிள்ளையா இருந்தாலும் முதல்ல தப்பாத்தான் சொல்லுவாங்க. வெளியில போய் உளறுதான்னு பார்ப்பாங்க."

அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது என் கதைப் பெண் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொய்க் குறிகளைப் பழகுகிறாள். அவை பொய் என்று தானாகக் கண்டுபிடித்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அதனால்தான் உண்மைக் குறி அவளுக்குக் கிடைக்கிறது. எனக்குத் தானாகத் தோன்றியிருக்காத திருப்பம் அது.

முன்னுரையில், 'இந்தப் புத்தகத்தில் உள்ள குறிகள் உண்மையானவை அல்ல. உண்மையானவை அவற்றை இடுகிறவர்களிடம் இருக்கின்றன' என்று எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடலாமே, சரித்திரக் கதை என்று விற்கிறோமே என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். எடுக்க முடியாது என்றேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குறிகளைப் பற்றி நான் முன்பே சொல்லியிருந்த அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரல் வைத்து, வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பக்கத்துத் தொட்டியில் வேலையாக இருந்த ஒருவரைக் கூப்பிட்டாள். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமாம். நான் வாசித்ததைச் சொல்லாமல், அந்த இடத்தை அவரிடம் நீட்டினாள். அவர் எழுத்துக்கூட்டி மெதுவாக அதே வரியை வாசித்தார்.

"சரி" என்றாள். புத்தகத்தை ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, அன்றைய துணியை எண்ண ஆரம்பித்தாள்.