கோல் விழுந்தால் கையைத் தூக்குங்கள்

எங்கள் ஜூடோ கூடத்தில் கறுப்பு பெல்ட் கட்டியவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் அதை என் முதுகில்தான் வாங்கினார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, முதுகு வலியில் சொல்கிறேன். கறுப்பு பெல்ட் பரீட்சைக்குப் போகிறவர் ஒரு ஆளைப் பல விதமாகத் தூக்கிப் போட்டுக் காட்ட வேண்டும். போடுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், விழுகிறவர் விறைத்துக்கொண்டு நின்றால் எல்லாம் கெட்டது. அதனால் விழத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஆள் நான். சட்டையைத் தொட்டால் போதும், ஒரு சுற்றுச் சுற்றி, முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் விரிப்பைப் படாரென்று அறைந்து விழுவேன். அந்தச் சத்தத்திலேயே போட்டவருக்குப் பாதி மார்க் வந்துவிடும். எனக்கு வந்தது ஒரு பட்டப்பெயர். பஞ்சு மாதிரி விழுவதால் பஞ்சக்கா.

முதுகு வலிக்குத்தான் அங்கே சேர்ந்தேன். சலவைக் கடையில் வேலை. ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏதாவது உடற்பயிற்சி செய் என்று யாரோ சொன்னார்கள். நீச்சல் குளம் தூரத்தில் இருந்தது, ஜூடோ கூடம் அடுத்த தெருவில் இருந்தது. சோம்பேறித்தனம் ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நானே அத்தாட்சி. முதுகு வலி போக வேண்டும் என்று முப்பது வருஷமாக முதுகைத் தரையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏன் இத்தனை நாள் கறுப்புக்கு ஒரு படி கீழே, பிரவுன் பெல்ட்டோடு நின்றுவிட்டேன் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் எங்கள் ஊர் கால்பந்து டீம். பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவை, எப்போதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூக்கிப் போட்டுக் காட்டுவது, மத்தியானம் நிஜச் சண்டை. அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்கள் டீமுக்கு அந்த சீசனின் கடைசி மேட்ச். நான் காலையில் யாருக்காவது விழுந்துவிட்டு, பெல்ட்டைக் கூட அவிழ்க்காமல் மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவேன். அங்கே எங்கள் டீம் விழும். இப்படி ஒரே நாளில் இரண்டு இடத்தில் மண்ணைக் கவ்வியவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த டீம் மேல் அப்படி என்ன பைத்தியம் என்றால், அவர்களுடைய சிவப்புச் சட்டைகளை எங்கள் கடைதான் துவைக்கிறது. திங்கட்கிழமை காலையில் மூட்டை வரும். மேட்ச்சில் யார் என்ன செய்தார்கள் என்று பேப்பரில் படிக்க வேண்டாம், சட்டையே சொல்லிவிடும். கோல்கீப்பர் சட்டையில் சேறு அப்பியிருக்கும், பாவம், அவர் ஒருவர்தான் வேலை செய்பவர். நம்பர் ஒன்பது சட்டை பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி வரும். நாங்கள் கோல் போட வேண்டிய ஆள் அவர்தான். ஒரு தடவை அந்தச் சட்டைகளை மூன்றாம் நம்பர் மிஷினில் போட்டேன், அடுத்த ஞாயிறு ஜெயித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் மிஷின்தான். நடுவில் அது ரிப்பேரான வாரம், முதலாளியம்மா "பக்கத்து மிஷின் சும்மாதானே இருக்கு, அதுல போட்டா என்ன?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அவரே போய் மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்குகிற மனிதர் என்பதால், வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். விளையாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. "அடி வாங்கறதுக்கு மாசா மாசம் சந்தா கட்டற ஒரே ஆளு நீதான்" என்பார். டீமைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவங்கள்ல ஒருத்தனுக்காவது உன் பேர் தெரியுமா?" என்பார். தெரியாதுதான். அதற்காகப் பாசத்தை நிறுத்த முடியுமா? இத்தனை வருஷத்தில் அவர் மைதானத்துக்கும் வந்ததில்லை, ஜூடோ கூடத்து வாசலையும் மிதித்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. நான் விழுவதைப் பார்க்க அவர் எதற்கு?

போன வருஷம் முட்டி டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம். அதுக்கு மேல இந்த முட்டி தாங்காதும்மா" என்றார். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஆதரித்த டீமும் உருப்படியாக ஜெயிக்கவில்லை, நான் கற்ற வித்தையிலும் நான் ஜெயிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன கூடத்தில், நாலு பேர் பார்க்க, ஜெயிக்கிற பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஜூடோ மாஸ்டரிடம் போய், இந்த வருஷம் பரீட்சைக்கு நான் போகிறேன் என்றேன். "யாருக்கு விழறதுக்கு?" என்று கேட்டார்.

சரி, எனக்காக யார் விழுவது? கூடத்தில் பழகுகிற எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவன் முன்வந்தான். அதற்கு முந்தின பரீட்சையில் என்னைத் தூக்கிப் போட்டு பெல்ட் வாங்கியவன், நல்ல பிள்ளை, ஆறடி உயரம். ஆனால் விழத் தெரியாது. எங்கள் கூடத்தில் யாருக்குமே விழத் தெரியாது, தேவைப்படவில்லை, நான் இருந்தேனே. முதல் நாள் அவனைப் போட்டபோது பீரோ சாய்ந்த மாதிரி விழுந்து, "அக்கா, நீங்க எப்படிக்கா இத்தனை வருஷம் உயிரோட இருக்கீங்க?" என்று கேட்டான். மாதக்கணக்கில் அவனுக்கு விழச் சொல்லிக்கொடுத்தேன். நான் எதிராளியைப் போடப் பழகியதை விட அவன் விழப் பழகியதுதான் அதிகம்.

எல்லாம் கூடி வரும்போது டீம் சும்மா இருக்குமா? அந்த ஞாயிறு தோற்றால் கீழ் டிவிஷனுக்குப் போய்விடுவார்கள் என்ற நிலைமை. என்னால் மைதானத்துக்குப் போக முடியாது. ஸ்கோர் தெரியாமல் சண்டையும் போட முடியாது. மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரிடமே ஸ்கோர் கேட்கிற ரகம் நான். கணவரிடம் போய் நின்றேன்.

"என்னங்க, ஒரு உதவி. என் கூட வந்து கேலரியில உக்காருங்க. இயர்போனை மாட்டிக்கிட்டு ரேடியோவுல மேட்ச் கேளுங்க. நம்ம டீம் கோல் போட்டா ரெண்டு கையையும் தூக்குங்க. கோல் வாங்கிட்டா கையக் கட்டிக்குங்க."

"பரீட்சைக்குப் போறியா, மேட்ச் பாக்கப் போறியா?"

"ரெண்டுக்கும்தான்."

"இதுக்கு டாக்டர் முட்டியப் பாத்திருக்கக் கூடாது, தலையப் பாத்திருக்கணும்" என்றார். ஆனால் வந்தார்.

பரீட்சை நடந்தது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். ரப்பர் வாடையும் வியர்வையும் கலந்த இடம். காலையில் தம்பி அருமையாக விழுந்தான். ஒரு தடவை மட்டும் பழக்க தோஷத்தில் அவன் என் சட்டையைப் பிடித்ததும் நான் விழப் போய்விட்டேன். "அக்கா, இன்னைக்கு நான்க்கா" என்று காதில் சொன்னான். சமாளித்துவிட்டோம். அந்தப் பாதி பாஸ்.

மத்தியானம் மூன்று சண்டை. ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாவதில் ஒரு தையல்காரப் பெண் என்னைத் தூக்கிப் போட்டாள். எவ்வளவு அழகாக விழுந்தேன் தெரியுமா! நடுவரே தலையாட்டினார். கேலரியைப் பார்த்தேன். கணவர் கைகளை மடியில் வைத்திருந்தார். சரி, மேட்ச் இன்னும் கோல் விழாமல் போகிறது. இரண்டாவதும் தோற்றேன். பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போச்சு, கோல் வாங்கிவிட்டார்கள். என் தோல்வியோடு டீமின் தோல்வியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மூன்றாவதற்குப் போனேன்.

எதிரில் நின்றவள் ஒரு பல் டாக்டர். பிடித்தால் பிடுங்காமல் விட மாட்டாள் போலிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தோம். என் முட்டி முனகியது. அவள் ஒரு கால் முன்னால் வைத்தபோது, யோசிக்காமல், அந்தக் காலைத் தட்டிவிட்டேன். விழுந்தாள்! நான் விழவில்லை, அவள் விழுந்தாள்! முழு வெற்றி தருகிற மாதிரி மல்லாந்து விழவில்லை, பக்கவாட்டில்தான். ஆனால் உடனே மேலே பாய்ந்து நெஞ்சோடு நெஞ்சாக அழுத்திப் பிடித்துவிட்டேன். இருபது விநாடி அப்படியே பிடித்திருந்தால் வெற்றி. நடுவர் கையை நீட்டிவிட்டார், கடிகாரம் ஓடுகிறது. பல் டாக்டர் துள்ளுகிறாள், நான் விடவில்லை. ஈர மூட்டையைப் பிடித்துப் பழகிய கை, எப்படி விடும்? தம்பி ஓரத்தில் நின்று கத்துகிறான், "பிடிங்கக்கா! இன்னும் கொஞ்சம்தான்!"

என் முகம் கேலரிப் பக்கம் திரும்பியிருந்தது. என் கணவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்.

கோல்!

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கோல் விழுந்தால் என் கைகள் தானாக மேலே போகும், ஆயுசுப் பழக்கம். பல் டாக்டரை விட்டுவிட்டு, அவள் மேல் படுத்தபடியே, இரண்டு கையையும் தூக்கி "ஆ!" என்று கத்தினேன். ஜூடோ சரித்திரத்தில் இப்படி ஒரு பிடி விட்டவள் நானாகத்தான் இருப்பேன். அவள் ஒரு கணம் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே புரட்டு. இப்போது நான் கீழே, அவள் மேலே. அவள் யாருக்கும் கை தூக்கவில்லை. இருபது விநாடியும் முடிந்தது. மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வணக்கம் சொல்லிவிட்டு நேரே கேலரிக்குப் போனேன். சட்டை கிழிந்து, மூச்சு வாங்க, முதல் கேள்வி அதுதான்.

"யாரு போட்டாங்க?"

"என்ன யாரு?"

"கோலுங்க! நம்பர் ஒன்பதா?"

அவர் என்னை விழித்துப் பார்த்தார். இயர்போன் அவர் காதில் இல்லை. சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அத அப்பவே எடுத்துட்டேனே. மொத சண்டையில அந்தப் பொண்ணு உன்னத் தூக்கிப் போட்டா பாரு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. அப்புறம் எவனுக்கு வேணும் மேட்ச்சு?"

"அப்ப கையக் கட்டிக்கிட்டு இருந்தது?"

"பயம். கை நடுங்கிச்சு, கட்டிக்கிட்டேன்."

"அப்ப கையத் தூக்கினது?"

"நீ அவள அமுக்கிப் பிடிச்சியே, அதுக்குத்தான். வேற எதுக்குத் தூக்குவேன்? அதுக்குள்ள ஏன் விட்ட? நல்லாத்தானே பிடிச்சிருந்த!"

நடந்ததைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். "பிடி நழுவிடுச்சுங்க" என்றேன். அந்தப் பொய் இன்று வரைக்கும் அப்படியே இருக்கிறது. இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஓயவில்லை. நடுவருக்குக் கண் தெரியவில்லை, கடிகாரம் மெதுவாக ஓடியது, அந்தப் பல் டாக்டர் எடை அதிகம், கூடத்து விரிப்பே சரியில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்திலிருந்து திரும்பும்போது நான் பேசுகிற பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் இவர் வாயிலிருந்து வந்தது. பிறகு சட்டென்று அடங்கிப்போய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நான் வந்திருக்கக் கூடாது. நான் வந்ததாலதான் தோத்துட்ட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வியாதி எனக்கு நன்றாகத் தெரியும். முற்றிய ரசிகனுக்குத்தான் அது வரும். எனக்கென்று ஒரு ரசிகர் இருப்பார் என்று கனவிலும் நினைத்ததில்லை. எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் பெல்ட்டின் முனையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேட்ச் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே மறந்துவிட்டேன். மூன்று கோலில் தோற்று, கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டார்கள் என்று மறுநாள் மூட்டை வந்தபோதுதான் தெரிந்தது. நம்பர் ஒன்பது சட்டை வழக்கம்போலப் புத்தம்புதுசு.

அன்று சாயங்காலம் சாப்பாடு போட்டு வைத்தேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு, "பசிக்கல" என்றார். தோற்றவள் நான், பட்டினி கிடப்பவர் அவர். பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, டீம் தோற்கும்போதெல்லாம் மைதானத்தில் ரசிகர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் முட்டி டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குள் கணவர் நிமிர்ந்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"நிஜமாவா? அடுத்த வருஷமும் போவியா?"

வாழ்நாள் முழுக்க ஒரு டீமிடம் ஏமாந்தவள் நான். ரசிகரை ஏமாற்ற எனக்கு மனசு வருமா?

"நிஜமாத்தான்" என்றேன். "மொதல்ல சாப்பிடுங்க."