மேலே யாருங்க?

புதுத் துணியின் கஞ்சி வாசனை... கண்டி டவுனில் புடவைக் கடையில் நின்ற காலத்தில் அது எங்கள் விரல்களை விட்டுப் போகவே போகாது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் சோறு பிசையும்போது மூக்கில் ஏறும்.

அதைக் கழுவிவிட்டு வரலாம் என்றுதான் ஒரு பௌர்ணமிப் போயா லீவில் கலஹா பஸ் ஏறினோம். நான், செல்வி, பரீனா. ஒரே கவுண்டரில் நிற்கிறவர்கள். செல்விக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் ஊர். தன் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே காட்டுக்குள் ஒரு சின்ன அருவி இருக்கிறது, கீழே இடுப்பளவு தண்ணீர், பாதையில் குழந்தைகூட நடந்து போய்விடும் என்று வாரக்கணக்கில் ஆசை காட்டியிருந்தாள்.

நான் கடுகண்ணாவைக்காரி. குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள், நீச்சல் தெரியாது. பரீனாவுக்கு அட்டை என்றால் உயிர் போகும். வழியெல்லாம் பாவாடையை உதறிக்கொண்டே வந்தாள்.

ஆனால் அந்த இடத்தைப் பார்த்ததும்... அடேயப்பா! அடியில் கிடக்கிற கூழாங்கல் வரைக்கும் தெரிகிற தண்ணீர். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்த பையைக் காவல் காக்கிற சாக்கில் பரீனா கரைப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் விளிம்பில் காலை மட்டும் நனைத்தேன். செல்வி நேரே நடுவில் போய் முங்கினாள். கடையில் முதலாளிக்குப் பயந்து பூனை மாதிரி நடக்கிறவள், அங்கே ராணி மாதிரி இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. பிறகு பிளேன் டீ நிறத்துக்கு மாறியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஓடைகளில் ஒரு மரியாதை உண்டு. கீழே ஆள் குளிக்கும்போது மேலே துணி அலசக் கூடாது. தெரியாமல் அலசிவிட்டால், கீழே இருப்பவர் குரல் கொடுப்பார். மேலே இருப்பவரும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். செல்வி பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம் அது. தண்ணீர் கலங்கினால் மேலே ஆள் இருக்கிறது, அவளுக்கு அவ்வளவுதான்.

அவள் கரையேறவில்லை. அருவியைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"மேல யாருங்க? கொஞ்சம் நிறுத்துங்க, நாங்க குளிச்சிக்கிட்டு இருக்கோம்!"

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம் எங்களைப் பார்த்து, "என்னாடி, பதிலே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள். முகத்தில் பயம் இல்லை. கொஞ்சம் கோபம் மட்டும்தான்.

எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலை உச்சியில் மழை கொட்டியிருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்...

கல் லொறி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பரீனா என் பின்னலைப் பிடித்து இழுத்ததுதான் தெரியும். நான் பாறையில் விழுந்து திரும்பிப் பார்த்தால், கொஞ்சம் முன்பு தெளிந்த தண்ணீர் இருந்த இடத்தில் சேறும் கட்டையுமாக ஒரு சுவர் போய்க்கொண்டிருந்தது.

செல்வி இல்லை.

 கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பரீனாதான் அட்டையையும் மறந்து, செருப்பும் இல்லாமல் கரையோரமாகக் கீழே ஓடினாள். அவளுக்குப் பின்னால் நானும் விழுந்து எழும்பி ஓடினேன்.

ஓடை திரும்புகிற இடத்தில், தண்ணீருக்குள் சாய்ந்த ஒரு கொய்யா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பரீனா போட்ட கூச்சலில் லயத்து ஆட்கள் ஓடி வந்து, மாட்டுக் கயிற்றை வீசி அவளை இழுத்தெடுத்தார்கள். முழங்கையெல்லாம் தோல் உரிந்து, உதடு நீலமாகி, கிடுகிடுவென்று நடுங்கினாள். அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"மேல துணி அலசினவங்க என்னா ஆனாங்க? அவங்களையும் காப்பாத்துனீங்களா?"

மேலே யாரும் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களும் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. பஸ்ஸிலும் கேட்டாள். அடுத்த வாரம் கடையில் புடவை மடிக்கும்போதும் கேட்டாள். இன்று அம்பிட்டியவில் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள், இன்னமும் குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்ப்பாள்.

போன மாதம் என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். "ஈஸி ஹைக், யாரும் போகலாம்" என்று பெரிய எழுத்து. அதே அருவி! செல்வி நின்ற அதே இடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.  வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் மகள் கேட்கவில்லை. அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

பாதையில் இப்போது படி வெட்டியிருக்கிறார்கள். பாறை இடுக்கெல்லாம் பிஸ்கட் உறை. குளிக்கிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

மகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது... லேசாகக் கலங்கியது.

நான் கத்திய கத்தலில் அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். வானமோ பளிச்சென்று இருக்கிறது. இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி எல்லோரும் பார்க்கிறார்கள். மகளுக்கு வெட்கம். எனக்குள் என்ன புகுந்ததோ, அருவியைப் பார்த்துக் கையைக் குவித்துக் குரல் கொடுத்தேன்.

"மேல யாருங்க?"

 மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"நாங்கதாங்க! கம்பளி அலசுனோம். இந்தா, நிறுத்திட்டோம், குளிங்க!"

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. நான் அப்படியே பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மகள் பயந்தே போனாள்.

அங்கே சிக்னல் இல்லை. கலஹா டவுனுக்கு வந்ததும் செல்விக்குக் கோல் எடுத்தேன். எங்கே போயிருந்தேன், என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "மேல ஆளு இருந்தாங்க செல்வி. கூப்பிட்டதும் பதில் சொன்னாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் மூடுகிற சத்தம் கேட்டது. 

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க நல்லா இருக்காங்களாடி?"