என் வயிற்றைப் பார்த்து ஜெபித்தவர்களுக்கு

நம் சபைக் குடும்பத்தாரே, எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். வீட்டுக்காரர் இறந்து பத்து வருஷம். அவரிடமிருந்து வந்த எச்.ஐ.வி.க்குத் தினமும் மாத்திரை போடுகிறேன். அது என் மகளுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

போன வருஷம் கன்னம் ஒட்டிப்போனது. கைகால் குச்சியானது. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. டீ நேரத்தில் பக்கத்து மெஷின் சுமதி என் காதோடு கேட்டாள்.

"ஏனுங்க்கா, முழுகாம இருக்கறீங்களா?"

"வாயக் கழுவுடி! புருஷன் செத்துப் பத்து வருஷமாச்சு."

"அதனாலதானுங்க்கா கேட்டேன்."

சீ, அன்றைக்கு என் உடம்பே எனக்கு அருவருத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேச்சு சபைக்கும் வந்தது. பெண்கள் கூட்டத்தில் "வழி தவறின ஒரு சகோதரிக்காக" ஜெபித்தீர்கள். பேர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள். நானும் ஆமென் சொன்னேன்! வேறென்ன செய்ய? பிள்ளை இல்லை என்றால், பின்னே என்ன என்று கேட்பீர்களே.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் அழுதேன்.

"நிறுத்தவே கூடாதுங்கம்மா. அந்த நோயும், ரொம்ப வருஷமாப் போடற பழைய மாத்திரையும் சேர்ந்து, உடம்புக்குள்ள துரு பிடிச்ச மாதிரி பண்ணிருச்சு. கன்னத்துக் கொழுப்பு கரைஞ்சு, வயித்துல போய்ச் சேர்ந்துருச்சுங்க. மருந்த மாத்தித் தர்றேன்" என்றார்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் போதகரம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு நீ பந்திக்கு வர வேண்டாம்மா. மொதல்ல மனந்திரும்பு" என்றார்.

அந்தப் பந்தியையும் பறித்தால் எனக்கு என்ன மிச்சம்? காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய், "ஆண்டவரே, என் மானத்தை மூடும்" என்று அழுதேன். அதற்குமேல் ஜெபிக்க வாய் வரவில்லை. ஆனால் வெளியே வந்தபோது ஒரு கையில் காப்பி, மறு கையில் மாத்திரை டப்பா. இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கும்மா. வயித்துல பிள்ளை இல்ல."

அவர் காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

மறுநாள் மகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எனக்கு அடுத்து யாரும் அந்தத் திராட்சரசப் பாத்திரத்தில் குடிக்க வேண்டாமே என்று, பந்தியில் கடைசி ஆளாக முழங்காலிட்டேன். அப்போது போதகரம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார். நான் குடித்ததும் போதகர் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். அதற்குள் போதகரம்மா பாத்திரத்தைப் பிடித்து, என் வாய் பட்ட இடத்திலேயே குடித்தார்.

"நேத்து காப்பி குடிக்காமப் போய்ட்டேன் மக்களே, மன்னிச்சிரு" என்று என்னிடம் சொன்னார். அங்கேயே விம்மி அழுதேன்.

கன்னம் இன்னும் நிரம்பவில்லை. வயிறு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. வெட்கம் போய்விட்டது என்று பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். இப்போதும் முகம் எரிகிறது. ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. சுமதி கேட்டால் இனி உண்மையைச் சொல்லுவேன். மானத்தை மூடும் என்று கேட்ட எனக்கு, கர்த்தர் என் பக்கத்தில் ஓர் ஆளைத் தந்தார். ஸ்தோத்திரம்!

உங்களிலும் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆண்டவரிடம் அழுது கேளுங்கள். அடுத்த பந்தியில் உங்கள் பக்கத்தில் நான் முழங்காலிடுகிறேன்.