முகத்துக்கு மேலே தூக்கிய கை

கராத்தே சொல்லிக்கொடுக்கும் என் மகள் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். முன்கையை நெற்றிக்கு மேலே உயர்த்தி, "எல்லாரும் இதைத் தடுப்புன்னு நினைக்கிறாங்க. இதுவே அடியும்தாம்மா," என்றாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, தீவில், ஷாதிபூரில் எங்கள் தகரக் கூரை வீட்டில் என் அம்மா தினமும் அப்படித்தான் கையைத் தூக்குவாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சாராய வாடையோடு வந்து, உப்பு குறைந்தாலும் அடிப்பார். அம்மா முகத்தை மட்டும் மறைத்துக்கொள்வாள். முன்கை எப்போதும் கன்றிப்போயிருக்கும்.

ஒரு மழை நாளில் அவர் என் தங்கையை அடிக்கப் போனார். குறுக்கே பாய்ந்த அம்மாவின் கை அவர் அடியைத் தடுத்து, அதே வேகத்தில் அவர் தாடையில் இறங்கியது. அப்பா அரிசி மூட்டைமேல் சரிந்தார்.

"புள்ளைங்க மேல கை வெச்சீங்கன்னா அடுத்த ஜகாஸ்ல ஏறிக் கடல் தாண்டி மெயின்லேண்டு போயிருவேன்," என்றாள் அம்மா.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி மாசி வாசலுக்கு வந்து, "க்யா ஹுவா?" என்று என்ன ஆயிற்று எனக் கேட்டாள்.

"குச் நஹி," ஒன்றுமில்லை என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினாள்.

அதன்பின் அப்பா யாரையும் அடிக்கவில்லை. அம்மாவிடம் பேசவும் இல்லை. "சோறு போடச் சொல்லு", "போட்டாச்சுன்னு சொல்லு" என்று இருவர் பேச்சையும் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நான்தான் சுமந்தேன்.

"அடிச்ச பிறகு என்ன செய்யணும்னு இதுல வருதா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வந்து நிக்கணும்மா."

இருவர் பேச்சையும் நடுவில் நின்று சுமந்த அத்தனை வருட அலுப்பும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.