பதினேழுக்கு வைத்த தீன்

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு மொன்றியலில் நான் செய்த வேலைகளில் ஆறு வருடம் நிலைத்தது மான் பண்ணை வேலைதான். நான் குடியிருந்த செயின்ட்-மிஷேலில் இருந்து வெளிக்கிட்டு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ தாண்டி, பாலமும் தாண்டிப் போக வேண்டும். கார் என்னோடு வேலை செய்த அண்ணையுடையது. முதலாளியின் பிரெஞ்சை எனக்குத் தமிழில் சொல்வதும் அவர்தான்.

அங்கே மான் வளர்ப்பது கொம்புக்கு. ஆண் மானுக்கு வருடாவருடம் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும். மயிர் போர்த்து மெத்தென்று இருக்கும்போதே வெட்டி நிறுப்பார்கள். மருந்துக்கு விற்பது. கொம்பு நிறை கூடினவன் பெண் மான்களோடு விட, இனத்துக்கு நிற்பான். குறைந்தவன் இறைச்சி லொறியில் ஏறுவான்.

"எல்லாத்துக்கும் ஒரே தீன். அப்ப ஆரின்ர கொம்பு பெருக்குதோ, அவன்ர இரத்தம் நல்லதாம்," என்றார் அண்ணை.

பதினேழு, ஒரு மானின் காதுத் தகட்டில் இருந்த இலக்கம். தாய் செத்த குட்டி. போத்தல் பால் கொடுத்தது நான். முதல் வருடம் அவனுக்கு முளைத்தது என் சுண்டுவிரல் அளவு. இன்னும் ஒரு வருடம் பார்ப்பம் என்றான் முதலாளி.

அவன் லொறியில் ஏறக்கூடாது. வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலி மூலைக்குக் கூப்பிட்டு ஒரு வாளி ஓட்ஸ் தனியாக வைத்தேன். அண்ணை மட்டும் ஒருநாள் கண்டுவிட்டார்.

"என்ன, மருமகனுக்கு விருந்தோ?"

"ஓம்."

"நானும்தான் உன்னைக் காரில ஏத்தித் திரியிறன். ஒரு தேத்தண்ணி கண்டனானே?"

அடுத்த வருடம் பதினேழின் கொம்பு தராசில் எல்லாரையும் முந்தியது. தப்பினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். முதலாளி அவனையே இனத்துக்கு நிறுத்தினான். அதுவரை இனத்துக்கு நின்ற இருபத்திரண்டை லொறியில் ஏற்றினான். இருபத்திரண்டு நல்லவன். எல்லாரும் தின்றதைத்தான் தின்றவன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வேலை போகும், பதினேழும் போவான். சொல்லவில்லை. ஓட்ஸை நிறுத்தவும் ஏலாது. நிறுத்தினால் கொம்பு சிறுக்கும்.

பதினேழுக்குக் குட்டிகள் பிறந்து, அதுகளுக்கும் கொம்பு முளைத்தது. எல்லாம் சுண்டுவிரல். அடுத்த வருடமும் நிறை வரவில்லை.

"தகப்பன்ர கொம்பு பொய் சொல்லிப் போட்டுதாம்," என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார். "கொம்போ பொய் சொன்னது?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன்.

பதினேழின் பிள்ளைகளை முதலில் லொறியில் ஏற்றினார்கள். பதினேழை ஏற்ற முடியவில்லை. முதலாளி தடியோடு போனான். தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான் பதினேழு. முதலாளி வேலிக்கு மேலால் பாய்ந்தான்.

"உன்ர வாளிக்குத்தான் வருவான். போ," என்றார் அண்ணை.

ஓட்ஸ் போட்டு வாளியைத் தட்டினேன். பின்னாலேயே வந்தான். பலகையில் ஏறினான். லொறிக்குள் வாளியை வைத்தேன், தலையை விட்டுத் தின்னத் தொடங்கினான். நான் பக்கக் கதவால் இறங்கினேன்.

"மெர்சி," என்று நன்றி சொல்லி முதலாளி என் தோளில் தட்டினான்.

வாளி லொறியோடு போய்விட்டது. அடுத்த நாள் புது வாளி ஒன்று தந்தான்.